கீசர் போட்டால் பத்தாவது நிமிடம் ட்ரிப் விழுகிறது: திருத்துவதா, புதிதாக வாங்குவதா?

கொக்குவில்வாசி (வியாழன், இரவு 8.40)

அம்மாவுக்கு முழங்கால் வாதம். இந்த யாழ்ப்பாணத்து மார்கழிப் பனியில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் தோய்ந்தால் அன்று முழுவதும் படுக்கைதான். அதற்காகவே மூன்று வருடங்களுக்கு முன்பு 30 லீற்றர் கீசர் ஒன்றை வாங்கிக் குளியலறைச் சுவரில் பூட்டினோம். 1,500 வாற்று. கிணற்றிலிருந்து மோட்டர் போட்டு மேல் தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து இறங்குகிற தண்ணீர்.

சென்ற வருடமே சத்தம் தொடங்கிவிட்டது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே யாரோ மணலில் கச்சான் வறுப்பது போலச் சடசடவென்று கேட்கும். பிறகு சூடு குறைந்தது. முன்பு இரண்டு வாளிக்குப் போதுமாக இருந்த சுடுதண்ணீர் ஒரு வாளியோடு ஆறிப்போகிறது. போன செவ்வாய்க்கிழமை முதல் புதுக் கூத்து. போட்டுப் பத்து நிமிடத்தில் வீடு முழுவதும் இருட்டு.

ஒருவரைப் பிடித்துக் கொண்டுவந்தோம். மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்து, தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று மாற்றினார். 6,500 ரூபாய் கொடுத்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அம்மா தலையில் சவர்க்காரம் போட்ட நேரம் பார்த்து மறுபடியும் இருட்டு. அவரை அழைத்தால் "நாளைக்கு வருகிறேன்" என்கிறார். அந்த நாளை இன்னும் வரவில்லை. வாங்கிய கடையில் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள்.

திருத்தலாமா? அல்லது இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதா?

ஊமல் (8.52)

வளவில் மூன்று கல், மேலே ஒரு கிடாரம், கீழே ஊமலும் தென்னம்பாளையும். எழுபது வருடமாக எங்கள் வீட்டில் ட்ரிப் விழுந்ததில்லை.

கொக்குவில்வாசி (8.55)

ஐயா, கிடாரத்தைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகும் ஆள் நான்தானே. எனக்கும் இடுப்பு இருக்கிறது.

மின்கம்பி (9.30)

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். பலகையில் எது விழுகிறது? வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகளில் ஒன்றா, அல்லது பக்கத்தில் சோதனைப் பொத்தான் வைத்திருக்கும் பெரிய ட்ரிப் சுவிட்சா? சிறியது விழுந்தால் கம்பி தாங்காத அளவுக்கு மின்சாரம் ஓடுகிறது, அல்லது இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பெரியது விழுந்தால் போன மின்சாரம் முழுவதும் திரும்பி வரவில்லை, எங்கேயோ நிலத்துக்குக் கசிகிறது. இரண்டும் வேறு வேறு நோய். தெர்மோஸ்டாட் கெட்டால் தண்ணீர் சூடாகாது, அல்லது நிறுத்தாமல் கொதிக்கும். வீட்டை இருட்டாக்குவது பெரும்பாலும் அதன் வேலை இல்லை.

இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டுக் கேத்திலின் உட்பக்கம் எப்படி இருக்கிறது?

கொக்குவில்வாசி (9.41)

பெரியதுதான் விழுகிறது அண்ணை. கேத்திலை இப்போது போய்ப் பார்த்தேன். அடியில் வெள்ளைச் சிரட்டை போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. அம்மா அதை "கேத்தில் பல்" என்பார்.

மின்கம்பி (10.15)

அம்மா சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார். கேத்திலில் செதில் என்றால் கீசரில் பாறை. கேத்திலை நீங்கள் கழுவுகிறீர்கள். கீசரை மூன்று வருடமாக யாரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் கட்டாரில் பதினொரு வருடம், இங்கே வந்து சுன்னாகத்தை மையமாக வைத்து இன்னொரு பன்னிரண்டு வருடம் இந்த வேலை செய்கிறேன். கொக்குவில், இணுவில், கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கங்களில் திறந்த கீசர்களில் பத்துக்கு ஏழு இந்தக் கதைதான். உள்ளே இருக்கும் கொயில் என்பது செம்புக் குழாய். அதன் நடுவில் சூடாகும் கம்பி ஓடுகிறது. கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. குழாயின் மேல் சுண்ணாம்பு விரல் தடிப்புக்கு ஏறிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாயிலேயே தங்கும். குழாய் காய்ந்து காய்ந்து மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பால் தண்ணீர் கசிந்து தூளை நனைக்கும். நனைந்த தூள் மின்சாரத்தைக் கடத்தும். கசிவு 30 மில்லி அம்பியரைத் தொடுவதற்குள் உங்கள் பெரிய சுவிட்ச் விழுந்துவிடும்.

பத்து நிமிடம் எதற்கு என்று கேட்பீர்கள். குளிர்ந்திருக்கும்போது வெடிப்பு மூடிக்கொண்டிருக்கிறது, சூடேற விரிகிறது. இரண்டு நாள் நன்றாக இருந்ததற்கும் தெர்மோஸ்டாட் காரணமில்லை என்றே நினைக்கிறேன். அவர் தண்ணீரை இறக்கிவிட்டு வேலை செய்திருப்பார். கொயில் கொஞ்சம் உலர்ந்திருக்கும். அவ்வளவுதான்.

சத்தமும் அதேதான். சுண்ணாம்புக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து, ஆவி வெளியேற இடம் தேடுகிறது.

புதிதாக வாங்க வேண்டாம். கொயிலைக் கழற்றி, மின்காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீற்றரில் நல்லது போலக் காட்டும், அதை நம்பக்கூடாது. தொட்டி ஓட்டையாகவில்லை என்றால் கொயில், ரப்பர் வாசர், மக்னீசியம் கோல் மூன்றையும் மாற்றினால் போதும்.

பழைய இரசாயனம் (வெள்ளி, காலை 6.05)

மின்கம்பி சொன்னதில் ஒரு சிறு திருத்தத்தோடு தொடங்குகிறேன். ஓய்வுபெற்றும் விடாத பழக்கம். சுண்ணாம்பு ஏறினால் "சூடு தண்ணீருக்குப் போக வழியில்லை" என்பது முழுவதும் சரியில்லை. கொயில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் சூடாகி வேறு எங்கே போகும்? கொஞ்சம் தாமதித்துத் தண்ணீருக்குத்தான் வரும். 30 லீற்றரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 1.1 அலகு மின்சாரம் வேண்டும். 1,500 வாற்றுக் கொயிலுக்கு அது முக்கால் மணித்தியால வேலை, சுண்ணாம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படியானால் தண்ணீர் ஏன் போதவில்லை?

ஒன்று, கற்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் தொட்டியில் 30 லீற்றர் இப்போது இல்லை. மற்றது, தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் கொயிலுக்குப் பக்கத்திலேயே, அதே பாறைக்குள் புதைந்திருக்கிறது. அது கல்லின் சூட்டை உணர்ந்து, தண்ணீர் சூடாகிவிட்டதென்று நினைத்து முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது.

இனித் தண்ணீருக்கு வருவோம். யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு சற்று அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர்தான். சூடாக்கினால் அந்த வேலை அப்படியே திரும்ப நடக்கிறது. காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று மறுபடியும் கல்லாகிறது. நிலாவரையில் இயற்கையாகவே அமைந்த கிணறு இருப்பதும் கரைகிற கல்லால்தான், உங்கள் கொயில் வெடித்ததும் அதே கல்லால்தான்.

உதாரணத்துக்கு, உங்கள் தண்ணீரின் வன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு, லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 30 லீற்றர் சூடாக்கினால் அதில் 9 கிராம் கல் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். மூன்று வருடம் என்கிறீர்கள்.

மின்கம்பி (6.40)

சேர், ஒப்புக்கொள்கிறேன். உணர்குழாய் கல்லுக்குள் புதைந்திருப்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஆனால் இப்படி யோசித்ததில்லை.

பனிநாட்டான் (7.15)

கனடாவில் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே சில வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்தை வீட்டு வாசல் குழாயிலேயே பூட்டிவிடுவார்கள். உப்பைப் போட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். தம்பி அப்படி ஒன்று பூட்டினால் ஒரேயடியாகப் பிரச்சினை தீர்ந்தது. விலை கொஞ்சம் கூடத்தான்.

பழைய இரசாயனம் (7.50)

கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிற இயந்திரம் அது. சில நாட்களுக்கு ஒருமுறை தன்னை உப்புத் தண்ணீரால் கழுவிக்கொள்ளும். உங்கள் நகரத்தில் அந்தக் கழிவு சாக்கடைக்குப் போகிறது. கொக்குவிலில் எங்கே போகும்? வளவின் மூலையில் இருக்கும் குழிக்கு. குழியிலிருந்து கல்லின் வெடிப்புகள் வழியே நேராகக் கிணற்றுக்கு. சொந்தக் கிணற்றைப் பணம் கொடுத்துச் சவராக்கிய கதையாகிவிடும். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்த்து.

பனிநாட்டான் (7.58)

அந்தக் குழியை மறந்துவிட்டேன் சேர். ஊரை விட்டு வந்து முப்பது வருடம்.

கரையோரம் (9.20)

குருநகரிலிருந்து ஒரு சத்தம். எங்களுக்குச் சுண்ணாம்பு இரண்டாம் பட்சம், சவர்தான் முதல் எதிரி. இரண்டு வருடத்தில் தொட்டியே பொத்துப்போய்த் துருத் தண்ணீர் வடிந்தது. திறந்து காட்டியபோது நடுவில் ஒரு மெல்லிய கம்பி மட்டும் தொங்கியது. அதுதான் மக்னீசியம் கோலின் எலும்புக்கூடு என்றார் வந்தவர். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். விற்றவரும் சொல்லவில்லை.

மின்கம்பி (12.30)

அந்தக் கோல் பலிக்கடா. உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்ன வரும்போது தன்னைக் கொடுத்துத் தொட்டியைக் காப்பாற்றும். அது முடிந்த பிறகு தண்ணீர் தொட்டியைத் தின்னத் தொடங்கும். கடலோரம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். உட்பகுதியில் இரண்டு வருடம் வரை விடலாம். பென்சில் தடிப்புக்கு மெலிந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

கல்லாப்பெட்டி (1.10)

நகரத்தில் ஹாட்வெயார் கடையொன்றில் நிற்கிறேன். எங்களைத் திட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. உத்தரவாத அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், சுண்ணாம்புப் படிவால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டுத்தான் கொடுக்கிறார்கள். கொழும்பில் குழாய்த் தண்ணீருக்கென்று விற்கிற அதே பெட்டிதான் இங்கேயும் வருகிறது. மக்னீசியம் கோல் கேட்டுக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். கேட்காத சாமானை முதலாளி எடுத்து வைப்பாரா? வாங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் "எது மலிவு", "நிறம் வெள்ளையில் இருக்கிறதா".

இன்னொன்று. சுடுதண்ணீர் ஓடும் துண்டுக்குச் சாதாரண பீவீசீ குழாய் போடாதீர்கள். இளகி மூட்டு கழன்றுவிடும். குழாய் வேலை செய்கிறவர்களுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொக்குவில்வாசி (இரவு 7.20)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மானிப்பாயிலிருந்து வேறொருவர் வருகிறார். சேரின் கணக்கைப் படித்துவிட்டு அம்மா கேத்திலை உடனேயே தேசிக்காய்ப் புளியில் ஊறப்போட்டுவிட்டார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கீசரின் அடியில், தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் சிறிய வால்வு ஒன்று இருக்கிறது. சூடாகும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும். முன்பு வந்தவரிடம் சொன்னேன். வெள்ளை நாடாவைச் சுற்றி, ஒரு மூடியைத் திருகி அடைத்துவிட்டுப் போனார். இப்போது சொட்டுவதில்லை. அது சரிதானே?

மின்கம்பி (7.24)

சுவிட்சைப் போடாதீர்கள். அந்த மூடியைக் கழற்றும்வரை யாரும் போடக்கூடாது. அம்மாவிடமும் சொல்லுங்கள்.

மின்கம்பி (7.45)

விளக்கமாகச் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. தண்ணீர் சூடானால் பெருக்கும். 28 பாகையிலிருந்து 60க்குப் போகும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் கூடுதல். 30 லீற்றர் கீசரில் அது ஏறத்தாழ அரைப் போத்தல் தண்ணீர். உள்ளே போகும் குழாயில் ஒருவழி வால்வு இருப்பதால் அது திரும்பத் தாங்கிக்கும் போக முடியாது. அந்த அரைப் போத்தலுக்கு வெளியேற இருக்கும் ஒரே வாசல் அந்த வால்வு. சூடாகும்போது சொட்டினால் அது வேலை செய்கிறது என்று பொருள். ஒரு மெல்லிய குழாயைச் சொருகிக் கீழே வாளிக்கு விட்டிருந்தால் முடிந்தது. இரவும் பகலும், குளிர்ந்திருக்கும்போதும் ஓடினால்தான் பழுது.

வாசலை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டு, சூடு கூடினால் நிறுத்துகிற பாதுகாப்பு வெட்டியும் வேலை செய்யாமல் போனால், சுவரில் தொங்குவது கீசர் இல்லை, குண்டு. மூன்றும் ஒரே நாளில் பழுதாவது அரிது. ஆனால் ஒன்றை அவர் தன் கையாலேயே பழுதாக்கிவிட்டார்.

கொக்குவில்வாசி (8.02)

கழற்றிவிட்டேன். நாடாவை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, சேலைத் தலைப்பு மாதிரி. அதற்குமா 6,500இல் பங்கு?

தாமரை (8.30)

நீங்கள் எல்லோரும் ட்ரிப் விழுகிறது என்று கவலைப்படுகிறீர்கள். எங்கள் வீட்டில் அது விழுந்து இரண்டு வருடம் ஆகிறது, கொடுத்துவைத்தவள் நான். என்னுடைய பிரச்சினை வேறு. தாங்கி இல்லாத, உடனே சூடாக்கும் ஷவர் ஹீற்றர், 3,500 வாற்று. பல நாட்களில் சிவப்பு விளக்கே எரிவதில்லை. எரிந்தாலும் தண்ணீர் நூலாக வருகிறது. மேல் தாங்கி கூரைக்குச் சரிமட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் வரும் குழாயை ஈரக்கையால் பிடித்தால் விரலில் எறும்பு கடிப்பது போல ஒரு சுர். குளிர்காலம் என்பதால் அப்படி என்று நினைக்கிறேன். பிளக்கும் ஒரு பக்கம் பழுப்பு நிறமாகிவிட்டது. இதற்கு மோட்டர் பூட்டினால் சரியாகுமா?

மின்கம்பி (8.33)

தங்கச்சி, இந்த நிமிடமே பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் கை ஈரமில்லாமல், காலில் செருப்போடு. கழற்றிவிட்டு இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தாமரை (8.41)

கழற்றிவிட்டேன். என்ன அண்ணை?

மின்கம்பி (9.20)

கொக்குவில் தம்பியின் வீட்டில் ட்ரிப் விழுகிறது. அது நல்ல செய்தி. கசிவு இருக்கிறது, எர்த் அதை நிலத்துக்குக் கொண்டுபோகிறது, சுவிட்ச் அதைக் கண்டு விழுகிறது. எர்த், சுவிட்ச் இரண்டும் வேலை செய்கின்றன. உங்கள் வீட்டில் கசிவு இருக்கிறது, உங்கள் விரல் அதைச் சொல்கிறது. ஆனால் எதுவும் விழவில்லை. அப்படியானால் எர்த் இல்லை, அல்லது ட்ரிப் இல்லை, அல்லது இரண்டும் இல்லை. அந்த எறும்பு குளிரால் வந்தது இல்லை.

யாழ்ப்பாணத்து நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே கல். எர்த் கோல் முழுவதும் இறங்காது. வேலைக்கு வந்தவர் பாதியை வெட்டிவிட்டுப் போவார், அல்லது படுக்கவைத்து மூடிவிடுவார். ஆவணி வெயிலில் மண் காய்ந்த பிறகு எர்த் தடையை அளந்தால் 100 ஓம் காட்டும் வீடுகளும் உண்டு. 230 வோல்ற்றை 100 ஓமால் பிரித்துப் பாருங்கள், 2.3 அம்பியர். அதற்கு எந்த பியூசும் போகாது, சிறிய சுவிட்சும் விழாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஒன்றுதான் அந்த நிலத்திலும் விழும். அதனால்தான் இங்கே அதில் விளையாடக்கூடாது என்கிறேன்.

பிளக் பழுத்ததற்குக் காரணம், 3,500 வாற்று என்றால் 15 அம்பியருக்குமேல். உங்கள் பிளக் 13 அம்பியர். ஷவர் ஹீற்றருக்குப் பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, குளியலறைக்கு வெளியே இரண்டு கம்பிகளையும் வெட்டுகிற 20 அம்பியர் இரட்டைமுனைச் சுவிட்ச் போட்டு நேராக இணைக்க வேண்டும், பிளக்கே கூடாது.

தண்ணீர் கதை கடைசி. தாங்கியின் தண்ணீர்மட்டம் ஷவருக்கு மேலே ஒரு மீற்றர் உயர்ந்தால் கிடைக்கும் அழுத்தம் ஒரு பாரின் பத்தில் ஒன்றுதான். உங்கள் ஹீற்றரின் பெட்டியில் எத்தனை பார் வேண்டுமென்று எழுதியிருக்கும், பாருங்கள். அந்த அழுத்தம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் சுவிட்ச் தண்ணீர் ஓடுவதையே உணராது, விளக்கு எரியாது. தாங்கியை உயர்த்தலாம், அல்லது சிறிய அழுத்த மோட்டர் பூட்டலாம். அதற்குமுன் ஷவர் முகத்தையும் தண்ணீர் உள்ளே போகும் இடத்து வடிகட்டியையும் கழற்றி வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். துளைகளில் வெள்ளைக் குருணி அடைத்திருக்கும். ஆனால் இது எல்லாம் எர்த்தும் ட்ரிப்பும் சரியான பிறகு.

கரையோரம் (9.35)

வினாகிரிக்குப் பதிலாக மலசலகூடத்துக்கு ஊற்றும் அசிட்டைக் கீசருக்குள் விட்டால் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்.

பழைய இரசாயனம் (9.50)

கல்லும் கரையும், பிறகு தொட்டியும் கரையும். அது ஐதரோகுளோரிக் அமிலம். உட்பூச்சில் ஒரு கீறல் இருந்தால் போதும், இரும்புக்குள் இறங்கிவிடும். பெரிய கல்லைக் கையால் அள்ளுங்கள், மிச்சத்துக்குச் சிட்ரிக் அமிலம். சமையல் சாமான் கடையில் பொடியாகக் கிடைக்கும். சூட்டையும் 75இல் வைக்காமல் 60இல் வையுங்கள், கல் படிவது குறையும். அதற்காக 45க்கு இறக்கிவிடவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் நாட்கணக்கில் தேங்கினால் கிருமிகள் குடியிருக்கும்.

ஊமல் (9.58)

வெளிநாட்டுப் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போன பிறகு பதினொரு மாதம் பூட்டிக்கிடக்கிற கீசரைத் திறந்தால் கூழ்முட்டை மணம் வருகிறதே, அது இந்தக் கிருமியா? என் தம்பி வீட்டில் போன வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தோய்ந்தார்கள்.

பழைய இரசாயனம் (10.05)

ஆம். தண்ணீரிலுள்ள சல்பேற்றை உண்டு ஐதரசன் சல்பைட்டை விடுகிற ஒரு வகை. பூட்டிப் போகும்போது தண்ணீரை இறக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கொக்குவில்வாசி (ஞாயிறு, மாலை 4.50)

முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

வந்தவர் பேச்சுக் குறைந்த மனிதர். பலகையில் மெயினை நிறுத்தி, கொயிலின் இரண்டு கம்பிகளையும் கழற்றி நாடா சுற்றி, மறுபடி மெயினைப் போட்டார். கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தார். ட்ரிப் விழவில்லை. "வீட்டுக் கம்பியில் பிழை இல்லை, கொயிலில்தான்" என்றார். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நோய் எது என்று தெரிந்துவிட்டது.

தண்ணீரை இறக்கிவிட்டு, கீசரைச் சுவரிலிருந்து கழற்றி வளவில் மாமரத்தடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார். இறக்கும்போதே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம், வெறும் தொட்டிக்கு அவ்வளவு பாரம். அடித்தட்டின் நட்டுகளைக் கழற்றி இழுத்தால் வரவில்லை. இழுத்து ஆட்டி ஒருவழியாக வந்தபோது கூடவே கற்கள் கொட்டின. பொரி அரிசி அளவிலிருந்து தேங்காய்ச் சில்லு அளவுவரை. கொயில் கொயிலாகவே இல்லை. பழைய வீட்டுச் சுவரில் இருக்கும் முருகைக்கல்லை வளைத்து வைத்தது போல இருந்தது. சேர், உங்கள் கணக்குக்காக அம்மாவின் தராசில் நிறுத்தேன். 2 கிலோ 700 கிராம், ஈரத்தோடு.

கல்லைத் தட்டி உதிர்த்த பிறகு செம்பில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தின் நீளம்கூட இல்லை. மெகர் வைத்தார், முள் பூச்சியத்தை விட்டு அசையவே இல்லை. மக்னீசியம் கோல் இருந்த இடத்தில் கரையோரம் சொன்ன அதே எலும்புக்கூடு.

கொயில், வாசர், கோல், புதிய வால்வு எல்லாமும் கூலியோடு 14,800 ரூபாய். கோலுக்கு மட்டும் மூன்று கடை ஏறி இறங்கினேன். வால்விலிருந்து ஒரு குழாயை வெளியே விட்டுத் துளசிச் சாடிக்கு மேலே முடித்திருக்கிறார். முன்பு மாற்றிய தெர்மோஸ்டாட்டைப் பார்த்து, "இது நல்லது, பழையதும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்" என்றார். அதற்குமேல் அந்த 6,500ஐப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சடசடப்புச் சத்தம் இல்லை. அதுதான் அம்மாவுக்குச் சந்தேகம். "வேலை செய்கிறதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பழைய இரசாயனம் (5.15)

அந்தக் கற்களை எறிந்துவிட்டீர்களா?

கொக்குவில்வாசி (5.18)

இல்லை சேர். அம்மா இடித்துக் கோழிகளுக்கு வைத்திருக்கிறார். முட்டை ஓடு மெல்லிதாக இருக்கிறதாம்.

தாமரை (திங்கள், காலை 9.10)

கணவர் நேற்று வவுனியாவிலிருந்து வந்ததும் ஒருவரை அழைத்துக் காட்டினோம். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிளக் பூட்டும் இடத்தைத் திறந்தால் பச்சை மஞ்சள் கம்பி வெட்டப்பட்டுச் சுவருக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பலகையைத் திறந்தால் ட்ரிப் சுவிட்ச் வெறும் அலங்காரம். உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் அதற்குப் பின்னால் நேராக இணைத்திருந்தன.

அதைச் செய்யச் சொன்னவள் நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஐப்பசி இடிமழையில் நாங்கள் கொழும்பில் இருந்த நேரம் ட்ரிப் விழுந்து, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன் முழுவதும் அழுகிவிட்டது. "இனி விழாதபடி செய்து தாருங்கள்" என்று வேலைக்கு வந்தவரிடம் கேட்டேன். அவரும் செய்து தந்துவிட்டுப் போனார். அதன்பிறகு என் இரண்டு பிள்ளைகளும் அந்த ஷவரில்தான் குளித்தார்கள்.

இப்போது புதிய ட்ரிப், தனிக் கம்பி, வெளியே சுவிட்ச் எல்லாம் போட்டாயிற்று. எர்த் கோல் இரண்டரை அடியில் கல்லில் முட்டியது. வேறிடத்தில், கிணற்றுத் தண்ணீர் வழியும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அங்கே முழுவதும் போனது.

மின்கம்பி (12.40)

மீனுக்காகத் தனியாக ஒரு வழி இருக்கிறது தங்கச்சி. குளிர்சாதனப் பெட்டிக்கு வேறாக ஒரு ட்ரிப் போட்டுப் பிரித்துவிடலாம். அடுத்த முறை வரும்போது அவரிடம் கேளுங்கள்.

தாமரை (செவ்வாய், காலை 7.30)

இன்று குழாயைப் பிடித்துப் பார்த்தேன், எறும்பு இல்லை. ஆனாலும் செருப்போடுதான் குளித்தேன்.

மின்கம்பி (7.42)

செருப்பைக் கழற்றுவதற்கு முன் ட்ரிப்பில் இருக்கும் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். வீடு இருட்டாக வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். மீன் இல்லாத நாளாகப் பார்த்து.